பேனா சத்தம்

பேனா சத்தம் கேட்கவில்லை.

அருள்பிரகாஷ் விடை சொல்வதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். மின்விசிறி கடகடத்தது. வெளியே கோரிமேடு பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டபடி போயிற்று. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“அக்கா, எழுதுறீங்களா?”

“எழுதிக்கினுதான் இருக்கேன் தம்பி. நீ சொல்லு.”

நல்ல குரல். ஆனால் இன்று காலையில் அறிமுகமான குரல்.

பார்வையில்லாத அவனுக்காகத் தேர்வு எழுத வருவதாக இருந்த மெரின் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கல்லூரிக்காரர்கள் அவசரத்துக்குப் பிடித்து வந்து உட்கார வைத்தவர் இந்த ஜஹபர் நிஷா. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாராம். பிளஸ் டூ படித்தவராம். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தெரியாது.

போன முறை எழுத வந்த ஆளைப் பற்றியும் அவனுக்கு எதுவும் தெரியாமல்தான் இருந்தது.

அன்று அருள்பிரகாஷ் பக்கம் பக்கமாகச் சொன்னான். அந்த ஆள் எல்லாவற்றையும் இரண்டிரண்டு வரியாகச் சுருக்கி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான். பி.எட். படிப்பில் இந்த ஒரு தாள் மட்டும் தேறாமல் நின்றுபோனது. விடைத்தாளின் நகலை வாங்கி அண்ணன் படித்துக் காட்டியபோதுதான் விஷயமே வெளியில் வந்தது.

நடுநடுவே பேனா ஓய்ந்துபோனதை அவன் அன்றே கவனித்திருந்தான். கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டான்.

இப்போது மறுபடியும் அதே தாள். தேறிவிட்டால் ஜூன் மாதம் ஆசிரியராகச் சேர்த்துக்கொள்வதாகக் கான்வென்ட் பள்ளியின் தலைமையாசிரியை மதர் சொல்லியிருக்கிறார். தேறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

அடுத்த கேள்விக்குப் போனான். நாலு வாக்கியம் சொல்வதற்குள் நாக்கு வறண்டது. தெரிந்த பதில்தான். ஆழக் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதைப் போல, ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் காத்திருந்தான்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னான். அவர் வாசித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. அப்போதும் மனம் அடங்கவில்லை. ஒவ்வொரு பதிலையும் இப்படி வாசிக்க நேரம் ஏது?

“கோவிச்சுக்காதீங்கக்கா. பேனா சத்தம் கேட்டாதான் எனக்குச் சொல்ல வருது.”

மேசைமேல் ஏதோ உருண்டு வந்து அவன் விரலில் முட்டியது. எடுத்துப் பார்த்தான். பருமனான பேனா. பிடிக்கிற இடத்தில் மெத்தென்று ரப்பர். கனம் ஒரு பக்கமும் சாயாமல் விரல்களுக்குள் தானாக அமர்ந்துகொண்டது. உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தான். கோடு விழுந்த ஈரம் தெரிந்தது. உரசலே இல்லை.

“ரோலர் பேனா தம்பி. அது சத்தமே போடாது.”

நாற்காலி நகர்ந்தது. தேர்வறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையிடம் அவர் போய்ச் சாதாரண பால்பாயிண்ட் பேனா ஒன்றைக் கேட்பது காதில் விழுந்தது.

பிறகு கரகரவென்று சத்தம் எழுந்தது.

அருள்பிரகாஷுக்கு உயிர் வந்தது. படித்ததெல்லாம் வரிசைகட்டி வந்து நின்றது. அவன் சொல்லச் சொல்ல, அந்தக் கரகரப்பு பின்னாலேயே ஓடிவந்தது.

அது நின்றது.

ஒரு பெருமூச்சு. மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது.

அன்றைக்கும் இப்படித்தான் விட்டு விட்டுக் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். தைக்க வேண்டிய துணி அங்கே குவிந்து கிடக்கும். அலுத்துப்போய்ச் சுருக்க ஆரம்பித்துவிட்டாரோ?

“ஒரு வார்த்தைகூட விட்டுடாதீங்கக்கா.” நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

“விடல தம்பி.”

அந்தக் குரல் தேய்ந்துபோயிருந்தது. அது வேறு அவன் சந்தேகத்தைக் கிளறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். சத்தம் நின்றபோதெல்லாம் அவன் மூச்சும் நின்றது. மறுபடி எழும்போது அதுவும் மீண்டது.

ஒருவழியாகக் கடைசிப் பதிலும் முடிந்தது.

“கையெழுத்தை வாங்கிடுங்கம்மா,” என்றார் ஆசிரியை.

ஜஹபர் நிஷா அவனுடைய கையைப் பிடித்துத் தாளின் மேல் கொண்டுபோய் வைத்தார். அவன் தோலில் முதலில் பட்டது துணிப்பட்டை. அதற்குள்ளே தகடுபோல ஏதோ கெட்டியாக இருந்தது. கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி இறுக்கிக் கட்டியிருந்தது. பட்டைக்கு வெளியே நீண்டிருந்த விரல்நுனி வீங்கிக் கொதித்தது.

அழுத்தாமல் எழுதுவதற்கென்றே அவர் வைத்திருந்தது அந்த ரோலர் பேனா என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அக்கா, உங்க கை…”

“இங்கதான் தம்பி. கோட்டைத் தாண்டாம போடு.”