பத்தாயத்தில் கிடந்த கிளாரினெட்

ஆர்கெஸ்ட்ராவில் கிளாரினெட் வாசிக்கும் நன்னிலம் பக்கிரி, தான் புதிதாக அமைத்த இசையை மட்டுமே வாசிப்பார். ஆட்சி மாறியும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூலித் தகராறு தீராத அந்த வருஷம், மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் பழைய பாட்டு வாசிக்க மறுத்துவிட்டார்.

"சங்கத்துக்காரனுங்க ஏத்திவிட்ட திமிரு" என்று மிராசுதார் கிளாரினெட்டைப் பிடுங்கிப் பத்தாயத்தில் போட்டு, மேலே நெல்லைக் கொட்டச் சொன்னார்.

நெல் விற்றுப் பத்தாயம் காலியானதும் பக்கிரிக்கு ஆளனுப்பினார்.

"எடுத்துக்கிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத."

வாசிக்குமுன், ஊதும் முனையில் பொருத்திய நாணல் சீவலான ரீடை எச்சிலால் நனைக்க வேண்டும். பக்கிரி பத்தாயத்திலிருந்து கிளாரினெட்டை எடுத்து, அதற்காக வாயில் வைத்தார். ரீடு ஏற்கெனவே நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"யாருங்க ஊதினது?"

"நெல்லுக்கடியில எவன்டா ஊதுவான்?"

பக்கிரி ரீடைத் துடைத்தார். காலிப் பத்தாயத்துக்குள், பாட்டின் அடுத்த வரியை ஊதுவதற்காக யாரோ மூச்சை இழுத்தார்கள்.