நிறைமதியின் கட்டைவிரல்

பெற்ற பிள்ளை கட்டைவிரல் வைத்துச் சம்மதித்தால்தான் இனிப் பெட்டிக்கடை இயந்திரம் சிகரெட் தரும் என்று நகரசபை சட்டம் போட்டது. பிள்ளைகளைப் புகையிலையிலிருந்து விலக்கி வைக்கத்தான் இந்த ஏற்பாடு. மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் பிள்ளைகள் அப்பாக்களோடு நேராகப் பெட்டிக்கடைக்குப் போனார்கள்.

லாரி ஷெட் மேலாளர் குணசீலன், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் நிறைமதியிடம் கெஞ்சினார்.

"கணக்கு ஹோம்வொர்க்கை முடிச்சுக் குடுங்கப்பா, விரல் வைக்கிறேன்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் அறிவியலும் சேர்ந்தது. பிறகு கட்டுரை, வரைபடம், அவள் தட்டிலிருந்த பாகற்காய்ப் பொரியல் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. வகுப்பில் அவள்தான் முதலிடம்.

தசம பின்னத்தில் சிக்கி நொந்துபோன குணசீலன் ஒரு நாள் பென்சிலைக் கீழே வைத்தார்.

"போதும்மா. நான் சிகரெட்டையே விட்டுடுறேன்."

சொன்னபடியே விட்டார். சுகாதார அதிகாரி வீட்டுக்கே வந்து மாலை போட்டு, நிறைமதியின் கையையும் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்று மாலை கணக்கு நோட்டைத் திறந்த நிறைமதிக்கு ஒன்றுமே புரியவில்லை. மெல்ல எழுந்து அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப வாடிப் போயிட்டீங்கப்பா. வாங்க, கடைக்குப் போவோம். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு பிடிங்க."