மாலை போட்ட படம்

முள்ளிவாய்க்கால் நினைவு நாடகத்தில் என் மகள் மாதங்கியின் பாட்டு டீச்சர் யோகேஸ்வரி பாடுகிறார் என்பதால்தான் கிட்வாய் நகரிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அரங்க வாசலில், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மாதங்கி என் கையை இழுத்தாள்.

"மம்மி, தேகோ, இங்க பாரு! இது நான்தானே?"

அவளேதான். போன மாதம் பாட்டுப் போட்டியில் எடுத்த படம். அதற்கு மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

மாலையைப் பிய்த்து எறிந்தேன்.

"உயிரோட நிக்கிற குழந்தைக்கு மாலை போட்ட புத்திசாலி யாரு?"

நிகழ்ச்சி நடத்துகிறவர் ஓடி வந்தார். "பாட்டு டீச்சர்தான் கொண்டுவந்து மாட்டினாங்க, மேடம்."

மேடைக்குப் பின்னால் போய் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணினா?"

யோகேஸ்வரி மாதங்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர மகளின்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லை, தங்கச்சி. வருசா வருசம் வெறும் சட்டத்துக்குத்தான் மாலை போடுவன். இப்ப அவளின்ர முகமும் மறந்துகொண்டு போகுது. உங்கட பிள்ளை பாடேக்க மட்டும்தான் திரும்பி வருது."