மைனஸ் பக்கத்துத் தேன்

"புருல், இதைக் கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுத்தானே படிச்ச?"

கூட வேலை பார்க்கும் அசில்கான் கணினித் திரையைப் புருல் பக்கம் திருப்பினாள். நாரின் நகரத்துத் தேன் ஆய்வகத்தில் அந்த நேரம் அவர்கள் இருவர்தான்.

"ஏன்டி, என்ன தப்பு? எங்க மாமனாரோட தேன் சோதனைக் கணக்குல மைனஸ் ரெண்டுல விழுந்துச்சு. மைனஸ்னா சர்க்கரைத் தேன்."

"மைனஸ்னா கெட்டதுன்னு யாரு சொன்னா? மென்பொருளுக்கு நல்லது கெட்டதெல்லாம் தெரியாதுடி. சுத்தத் தேன், சர்க்கரைத் தேன்னு ரெண்டு கூட்டத்தையும் ஆளுக்கொரு பக்கமா ஒதுக்கித் தரும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் எதுன்னு நாமதான் கீழே ஒவ்வொரு கூட்டத்தோட சராசரியும் இருக்கிற அட்டவணையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். இதோ, சர்க்கரைத் தேனோட சராசரி பிளஸ்ல நிக்குது. சுத்தமான தேன்தான் மைனஸ். நீ கொண்டுவந்த ஜாடி அசல் மலைப்பூத் தேன்டி!"

புருல் திரைக்கு அருகே குனிந்தாள். அட்டவணையை மறுபடி பார்த்தாள். அசில்கான் சொன்னது சரி.

"என்னடி, ஏன் இப்படி வெளுத்துப்போற? இன்னும் யார்கிட்டயும் சொல்லலதானே?"

சொல்லியாகிவிட்டது. நேற்று, அத்பாஷி ஊரில், மாமனார் சகினாலியின் வீட்டில். வெளிநாட்டுக்குத் தேன் அனுப்பும் சங்கத்தார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "என் மருமகதான் சோதிச்சா. அவ வாயாலயே கேளுங்க" என்று சகினாலி நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமனார் பெயரைக்கூட உச்சரிக்காத மருமகள், தேநீர் ஊற்றிய கையோடு, "இது சர்க்கரைப் பாகு குடிச்ச தேனீயோட தேன்" என்று சபையில் சொல்லிவிட்டாள். உறவைப் பார்க்காமல் உண்மையைச் சொல்கிறோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

வந்தவர்கள் பிட்ட ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். சகினாலி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கம்பளித் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் கர்வத்தை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகமாகக் கூசியது. மத்தியானமே பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டி பிடித்து அத்பாஷிக்குக் கிளம்பினாள். பக்கத்தில் இருந்த பெண் பேச்சுக் கொடுத்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சகினாலி தேனீப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப்போனார்.

"எந்திரிக்காதீங்க மாமா." குனிந்து வணங்கியவள் நிமிரவே இல்லை. "நான் கணக்கைத் தலைகீழாப் படிச்சிட்டேன். அந்தத் தேன் சுத்தமான தேன். ஊர் முன்னாடி உங்க மானத்தை வாங்கிட்டேன். இப்பவே சங்கத்துக்குப் போய், தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்."

"வேணாம்மா."

"சொல்லாம விட்டா நான் மனுஷியே இல்ல மாமா."

"வேணாம்னா விடேன், தாயி."

புருலுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"என்னைத் திட்டவாவது செய்யுங்க. நேத்தே 'பொய்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் மாமா வாயே தொறக்கல?"

சகினாலி பெட்டியின் மூடியைத் தடவினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிம்மா பொய்னு சொல்வேன்? இந்த வருஷம் நம்ம பக்கம் பூவே இல்ல, இந்தப் பெட்டி அத்தனைக்கும் நான் ஊத்தினது சர்க்கரைப் பாகுதான். சோதனைக்குன்னு உன் கையில குடுத்தேனே, அது எதிர்ச் சரிவுல தேனீ வளர்க்கிற ஒமுர்சாக் வீட்டு ஜாடி."