இன்னொரு பதினாலு நாள்

"சேர், எனக்கு இன்னொரு பதினாலு நாள் போடுங்க."

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் றொனால்ட் பேனையைக் கீழே வைத்தார்.

கொரோனாக் காலம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதினாலு நாள் அடைத்து வைக்கும் கல்குடா ஹோட்டலுக்கு அவர்தான் பொறுப்பு. ரெண்டு நாள் குறைக்கச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறார். "நான் ஆரெண்டு தெரியுமா?" என்று வெருட்டியவர்களையும் பார்த்திருக்கிறார். கூட்டித் தரச் சொல்லிக் கேட்ட முதல் மனிதர் இந்த அப்துல் மஜீத்தான்.

"மஜீத் நானா, நாளையோட உங்கட நாள் முடியுது. பி.சி.ஆரும் நல்ல ரிசல்ட். ஏறாவூருக்குப் போய் வீட்டுச் சோறு தின்னாம இங்க என்ன வேலை?"

"கட்டார்ல அஞ்சு வருசம் இருந்துட்டு வாறன் சேர். இன்னும் பதினாலு நாள்ல என்ன குடி முழுகப் போகுது?"

"சரி, காரணம்?"

மஜீத் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

"அது வீட்டு விசயம். நான் கேட்டனெண்டு என்ட பெண்சாதி பரீனாட காதுக்கு மட்டும் போகப்படாது. ரிப்போட்ல ஒரு சந்தேகம் எண்டு நீங்களே சொல்லிப்போடுங்க."

அவர் அறைக்குப் போனதும், கதவுக்குப் பின்னால் நின்ற ஹோட்டல் மேனேஜர் பிலிப்பு உள்ளே வந்து குந்தினார்.

"அஞ்சு வருசம் பெண்சாதியக் காணாத மனிசன் மதில் பாய்ஞ்செண்டாலும் ஓடுவான் சேர். இவருக்கு வீடு வேணாமாம். கட்டார்ல இன்னொண்டு இருக்கு. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே."

"மாஸ்க் போட்ட மூஞ்சியில உனக்கு எங்கால எழுத்துத் தெரிஞ்சது?"

அப்படிக் கேட்டாலும், றொனால்டுக்கும் அதேதான் தோன்றியது.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. றொனால்ட் ஸ்பீக்கரில் போட்டார்.

"சேர், நான் அப்துல் மஜீத்ட வைஃப். அவர இப்ப வீட்டுக்கு விட்டிராதீங்க. இன்னும் ஒரு ரெண்டு கிழமை அங்கயே வெச்சிருங்க."

"ஏன் தங்கச்சி?"

"அது சொல்லேலா சேர். நான் கேட்டனெண்டு தெரிஞ்சா மனிசன் உடைஞ்சு போயிருவார். ஏதும் சீக்கு எண்டு சொல்லுங்க."

பிலிப்பு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அங்கயும் ஒண்டு, இங்கயும் ஒண்டு! சேர், இது ரெண்டு கேஸ்!"

றொனால்ட் தேவாலயத்தில் கலியாணம் முடிக்கப்போகிற சோடிகளுக்கு வகுப்பு எடுக்கிறவர். ஒரு குடும்பம் குலைவதை அவரால் தூர நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிட்டப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

விடுவிப்புக் கடிதத்தில் பட்டென்று கையெழுத்துப் போட்டார்.

"நானே கொண்டுபோய் விடுறன். ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிப்பாட்டுவம். என்ன நடக்குதெண்டு பாப்பம்."

"எனக்கும் ஏறாவூர்ல வெங்காயம் வாங்கக் கிடக்கு சேர்," என்றார் பிலிப்பு.

மறுநாள் ஹோட்டல் வான் வண்டியில் மஜீத் வழிநெடுகக் கெஞ்சிக்கொண்டு வந்தார். "ஒரு பத்து நாளெண்டாலும் சேர்..." றொனால்ட் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வான் சத்தம் கேட்டு வெளியே வந்த பரீனா, புருசனைக் கண்டதும் தலையில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ்! ஏன் சேர் விட்டீங்க? நான் அவ்வளவு சொல்லியும்!"

மஜீத்தின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

"என்னை விடவேணாமெண்டு... நீ சொன்னியா?"

பிலிப்பு வெங்காயத்தை மறந்து தலையை வெளியே நீட்டினார்.

"திங்கக்கிழமை மகளுக்கு ஓ.எல். பரீட்சை!" பரீனாவின் குரல் உடைந்தது. "நீங்க வந்த கதை தெரிஞ்சா ஊரே வந்து குந்திரும். இந்தச் சனம் கொரோனாக்குப் பயந்தாலும் கட்டார் சொக்லேட்ட விடுமா? இரிக்கிறது ஒரு அறை. புள்ள எங்க இரிந்து படிக்கிற?"

மஜீத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடியே, நானும் அதுக்குத்தானே சேர்ட காலப் புடிக்காத குறையாக் கேட்டன்! உனக்குச் சொன்னா, அஞ்சு வருசம் பத்தாதா எண்டு அழுவாய் எண்டு..."

"நீங்க அழுவீங்க எண்டுதானே நானும் சொல்லல்ல!"

ரெண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

பிலிப்பின் தலை மெல்ல வானுக்குள் போய்விட்டது. றொனால்டுக்கும் அப்படிப் போய்விட்டால் நல்லது போலிருந்தது.

அதற்குள் உள்ளேயிருந்து வரலாற்றுப் புத்தகத்தோடு ஓடிவந்த மகள் ஷஸ்னா, வாப்பாவின் நெஞ்சில் போய் மோதினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்ன வேலை பாத்திரிக்கீங்க! வாப்பா இந்தா கல்குடால, பஸ் ஏறினாப் போயிரலாம் எண்டு நினைச்சு நினைச்சே ஒரு வரி மண்டையில ஏறல்ல. இன்னும் ரெண்டு கிழமை வெச்சிருந்தா நான் கட்டாயம் ஃபெயில்! ஆராவது வந்தா வாப்பா இன்னும் ஹோட்டல்ல எண்டு சொல்லுங்க உம்மா. இவர் என்னோட அறைக்குள்ள இரிக்கட்டும்."

பரீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு றொனால்டிடம் வந்தாள்.

"பெத்த எங்களுக்கே எங்கட புள்ளைட மனசு விளங்கல்ல சேர். உங்களுக்கு எப்பிடி விளங்கிச்சு?"

வானுக்குள் பிலிப்பு இருமினார்.

றொனால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளைய நினைச்சு ராவு முழுக்க நித்திரை இல்ல தங்கச்சி. அதுக்குப் பிறகுதான் கையெழுத்தே போட்டன்."