குரல் மட்டும்

காலையிலிருந்து ஒருவரும் உட்காரவில்லை.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில், திருவண்ணாமலை பஸ்கள் நிற்கும் பக்கம், ஓர் அட்டையைத் தரையில் விரித்து வைத்திருந்தாள் சகாய பிரியா. அட்டைக்கு அடியில் சென்சார். தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர். யாராவது உட்கார்ந்தால், பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கும் ஒரு பெண்ணின் குரல் அவர்களோடு பேச ஆரம்பிக்கும். எழுந்துவிட்டால் நின்றுவிடும்.

சென்னையில் டிசைன் படிக்கிறாள். இது கடைசி வருடப் புராஜெக்ட். வீடில்லாதவர்கள் படுக்கிற இடத்தில் மற்றவர்களும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது அவள் ஆசை. திண்டிவனத்து வீட்டிலிருந்து சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள்.

ஜனங்கள் அட்டையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா உட்காரப் போன பிள்ளையை முதுகில் தட்டி இழுத்துக்கொண்டு போனாள். வேலை செய்கிறதா என்று பிரியா ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒருவராவது உட்காராவிட்டால் எதைக் காட்டுவது?

குரல் பாஞ்சாலியுடையது. கழிப்பறைப் பக்கத்துத் தூணடியில் இரண்டு வருஷமாகப் படுக்கிறவள். போட்டோ கூடாது, பேர் கூடாது என்று சொல்லித்தான் பேசவே சம்மதித்தாள்.

"குரலை வச்சி யாருக்குத் தெரியப் போகுதுக்கா?" என்று பிரியாதான் தைரியம் சொல்லியிருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். வெளுத்த வேட்டி, கையில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம். பஸ்ஸைக் காணோம். கால் வலித்ததோ என்னவோ, பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படிக்காமல் அட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காருங்க. தரை சில்லுனு இருக்குதா? பழகிடும்," என்றது குரல். "பையைத் தலைக்கு அடியில வச்சிக்கினு படுங்க. எனக்கும் வூடு இருந்துச்சு. கேப்பைக் களி கிண்டுனா தெருவே மணக்கும்..."

பொட்டலம் கைநழுவி விழுந்தது. அவர் எழவில்லை. முழுவதும் கேட்டார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கூட்டம் கூடிவிட்டது. பிரியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நினைத்ததைவிட அதிகமாகவே நடந்துவிட்டது.

"இது எம் பொண்டாட்டி கொரலும்மா. தேடாத ஊரு இல்ல. எங்க இருக்கா, சொல்லும்மா."

சுற்றி நின்றவர்களில் இரண்டொருவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், சொல்லிவிடேன் என்றார்கள். பிரியாவின் கை தானாக உயர்ந்தது, தூணைக் காட்ட.

தூணுக்குப் பின்னால் பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைக் கழுத்திலிருந்து மெல்ல விலக்கினாள். காதிலிருந்து தோள்வரை சுருங்கிக் கிடந்தது தோல். அப்படியே இரண்டு கையையும் பிரியாவை நோக்கிக் கூப்பினாள்.

பாஞ்சாலி கெஞ்சியதால் பதிவில் ஓர் இடத்தைப் பிரியா வெட்டி எடுத்திருந்தாள். மண்ணெண்ணெயை ஊற்றியது யார் என்று அவள் சொன்ன இடம்.

உயர்ந்த கையால் பிரியா நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"சென்னையில ரெக்கார்ட் பண்ணதுங்க," என்றாள்.

அந்த ஆள் அவளையே பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுபடி அட்டையில் உட்கார்ந்தான்.

இந்த முறை அழவில்லை. குனிந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டான். பாஞ்சாலியின் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு கண்டக்டர் கூவினார். திருவாமாத்தூர், திருவாமாத்தூர். இங்கிருந்து டவுன் பஸ் போகிற பக்கத்து ஊர்.

பிரியா ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தான்.

தூணடி காலியாக இருந்தது. அவள் எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று பிரியாவுக்கே தெரியவில்லை.

அவன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனான். பூ விற்கும் அம்மா, டீ மாஸ்டர், டைம்கீப்பர், கழிப்பறை வாசலில் காசு வாங்குகிறவர். கழுத்தில் தீக்காயம் இருக்கும், இங்கேயேதான் படுத்திருப்பாள், பார்த்தீர்களா? யாராவது கையை நீட்டிவிடுவார்களோ என்று பயந்து பிரியா அவன் பின்னாலேயே போனாள்.

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அவளைப் பார்த்திருக்கவில்லை.