உபசரிப்புக்கு சைபர்

"வந்தவங்களை வீட்டுக்குள்ள கூப்பிடாத ஆளு எப்படி ஐயா மூப்பராவாரு?" என்று ஞாயிறு பள்ளி டீச்சர் காதோரம் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு தெருமுனை வரை கேட்கும்.

மூத்த மூப்பரான பெரியவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பதினைந்து குணங்கள், பதினைந்து வரிகள். சபைக்குப் புது மூப்பர் வேண்டுமென்றால், மூத்த மூப்பரும் துணைக்கு ஒருவரும் சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஆளின் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு குணத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். ஒன்றில் சைபர் விழுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயரை வாசிக்க மாட்டார்கள்.

ஏற்பாடு பெரியவருடையதுதான். முப்பது வருஷம் பரீட்சைத்தாள் திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் பச்சைப் பேனா அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. போதகரின் பிரசங்கத்துக்கே மார்க் உண்டு. போன வாரம் ஆறரை.

இந்தத் தடவை பெயர் வந்திருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பதின்மூன்று வரிகள் நன்றாகவே நிரம்பியிருந்தன. குடிப்பதில்லை, சண்டைக்குப் போவதில்லை, பேராசையில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்தாயிற்று. பாக்கி இரண்டு: உபசரிப்பு, சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துதல். இரண்டையும் வீட்டுக்குள் போய்தான் பார்க்க முடியும்.

மெக்கானிக்கோ கதவை ஒரு சாண் திறந்து, அந்த ஒரு சாணையும் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் பெரியவர்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க ஐயா."

"வெள்ளையடிக்கிறீங்களா?"

"இல்லீங்க."

"வீடு போட்டது போட்டபடி கெடக்குதா? எங்க வீடும் அப்படித்தான், கூச்சப்படாதீங்க" என்றார் டீச்சர், கழுத்தை நீட்டி.

"சுத்தமாத்தான் இருக்குங்க."

"பின்ன என்ன?"

மெக்கானிக்கின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பொய் சொல்லாமை என்பதற்குப் பெரியவர் ஏற்கனவே பத்து போட்டிருந்தார். அந்தப் பத்துதான் இப்போது ஆளைப் போட்டு வாட்டியது.

"இன்னிக்கு மட்டும் உள்ள வேண்டாங்க. இருங்க, டீ கொண்டாறேன்."

உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"தாழ்ப்பாள் போட்டுட்டாரு!" டீச்சருக்குக் கண் விரிந்தது. "நம்மளை என்ன, திருடங்கன்னு நெனச்சாரா? மத்தியானத்துக்குள்ள சபை முழுக்கத் தெரியணும் ஐயா இது."

தெரிந்துவிடும் என்பதில் பெரியவருக்குச் சந்தேகமில்லை. டீச்சருக்கு ஒரு போன் போதும்.

"அது கெடக்கட்டும், உங்க சட்டை ஏன் ஐயா இப்படிக் கசங்கியிருக்கு? அக்காவையும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல காணோமே?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் பெரியவர்.

அப்படித்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய மனைவி இடம் எதுவும் சொல்லவில்லை. யார் முதலில் போன் போடுவது என்பதில் நாலு நாள் ஓடிவிட்டது.

கதவு மறுபடி ஒரு சாண் திறந்தது. தட்டில் இரண்டு கோப்பைகள். ஒன்றின் மேல் சின்னத் தட்டு கவிழ்த்திருந்தது.

"மூடியிருக்கிறது ஐயாவுக்கு."

பெரியவர் ஒரு வாய் குடித்தார். குடித்த வாயோடு அப்படியே நின்றார்.

சர்க்கரை அரை ஸ்பூன். இரண்டு தரம் வடிகட்டி, ஆடை ஒரு பொட்டு இல்லை. சூடு, நாக்கைச் சுடாத சூடு. கோப்பையின் மேல் கவிழ்த்த தட்டு. இதையெல்லாம் அவர் மெக்கானிக்கிடம் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறார், முப்பத்தொரு வருஷமாக, தினமும் காலையில்.

நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கண் மட்டும் ஒரு கணம் டீச்சர் பக்கம் போய்த் திரும்பியது.

"சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்காரு" என்றார் டீச்சர், தன் கோப்பையை வைத்துவிட்டு. "வாசல்லயே நிக்க வெச்சு டீ! சைபரைப் போடுங்க ஐயா, போவோம்."

பெரியவர் பச்சைப் பேனாவைத் திறந்தார். உபசரிப்பு என்ற வரியில் பத்து என்று எழுதி, சந்தேகத்துக்கு இடமில்லாதபடி அடிக்கோடும் போட்டார்.

"பத்தா! என்ன ஐயா, கண்ணு தெரியலையா?"

"இப்பதான் தெரியுது."

கடைசி வரியிலும் பத்து போட்டார். குடும்பத்தை நடத்துதல். அஞ்சு வருஷத்துக்கு முன் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தபோது இதே வரியில் தனக்கும் பத்து விழுந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் படிவத்தை நிரப்பியவர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். டீ போட்டவளை யாரும் கேட்கவில்லை.

"என்னமோ போங்க" என்று டீச்சர் ஸ்கூட்டரை உதைத்தார். "நீங்க வரலையா?"

"நடந்து வரேன்மா. நீங்க போங்க."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா" என்றார் மெக்கானிக் மெதுவாக. "டீச்சர் இருக்கிறப்ப எப்படிங்க கதவைத் திறக்கிறது?"

பெரியவர் செருப்பைக் கழற்றினார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அவசரப்படாதீங்க. டீக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டுட்டு அப்புறம் கதவைத் திறங்க."